நாற்பது கேள்விகளும் ஒரு நோட்டும்

தங்கவயலில் மாரிக்குப்பம். விடியும் முன்பே ரயில் கிளம்பிவிடும். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் தூக்குச் சட்டியோடு ஓடுவார்கள்.

அங்கே ஒரு லைன் வீடு என்று வைத்துக் கொள்வோம். தாத்தா மைன்ஸில் வேலை பார்த்தவர். அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறாள். அவள் எழுதப் படிக்கக் கற்றது போன வருடம்தான். வீட்டில் ஒரு பெண், ஒரு பையன். பையனுக்கு மூன்றரை வயது.

பையன் பார்க்க அழகாக இருக்கிறான். நன்றாக ஓடுகிறான். ஆனால் இன்னும் பேசவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. ரயில் கூவினால் மட்டும் இரண்டு காதையும் பொத்திக் கொண்டு அழுகிறான்.

தண்ணீர் வேண்டும் என்றால் அவன் கேட்க மாட்டான். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போவான். அந்தக் கையைக் குடத்தின் மேல் வைப்பான். அம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டான்.

தூக்குச் சட்டி மூடியைத் தரையில் சுற்றி விடுவான். அது நிற்கும் வரை பார்ப்பான். மறுபடியும் சுற்றுவான். ஒரு மணி நேரம் ஆனாலும் இதே விளையாட்டுதான். மூடியை எடுத்துவிட்டால் தலையைச் சுவரில் மோதிக் கொள்வான்.

"பேசுவான்மா. உன் புருஷனும் நாலு வயசுலதான் பேசினான்" என்றார் பாட்டி.

"வீட்டுல தமிழ், தெருவுல கன்னடம், பக்கத்து வீட்டுல தெலுங்கு. குழந்தை குழம்பிப் போச்சு" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"ஒரு வேண்டுதல் வெச்சுக்கோ" என்றார் இன்னொருவர்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்துத் தெருவில் அதே வயதுக் குழந்தைகள் கதை பேசுகிறார்கள். இவன் மூடியைச் சுற்றுகிறான். இது என்ன?

இது ஆட்டிசமாக இருக்கலாம்.

ஆட்டிசம் என்றால் என்ன?

ஆட்டிசம் தொற்று நோய் அல்ல. பேய் பிடித்ததும் அல்ல. சில குழந்தைகளின் மூளை வளரும் விதமே வேறாக இருக்கிறது. பிறப்பதற்கு முன்பே இந்த மாறுதல் தொடங்கிவிடுகிறது. மற்றவர்களோடு பழகுவது அவர்களுக்குக் கடினம். பேசுவதும் பிறர் சொல்வதைப் புரிந்து கொள்வதும் கடினம். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். சில சத்தம், சில வெளிச்சம், சில துணி அவர்களுக்குத் தாங்காது.

எல்லோருக்கும் இது ஒரே அளவில் இருக்காது. சிலர் நன்றாகப் பேசுவார்கள், பள்ளிக்கும் போவார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் பிறர் துணை வேண்டும்.

1943ல் லியோ கானர் என்ற டாக்டர் அமெரிக்காவில் இதைப் பற்றி எழுதினார். 11 குழந்தைகளைப் பார்த்து எழுதியது அது. அதற்குப் பிறகு பல வருடங்கள் டாக்டர்களே தாய்மார்களைக் குறை சொன்னார்கள். தாய் அன்பு காட்டாததால் குழந்தை இப்படி ஆனது என்றார்கள். அது தவறு என்று பின்னால் தெரிந்தது. இன்று எந்த நல்ல டாக்டரும் அப்படிச் சொல்ல மாட்டார். ஆகவே, "நீ சரியாப் பார்த்துக்கலை" என்று யார் சொன்னாலும் தாய் தலை குனிய வேண்டாம்.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று 1998ல் இங்கிலாந்தில் ஒரு கட்டுரை வந்தது. அது தவறான கட்டுரை. அதை வெளியிட்ட பத்திரிகையே 2010ல் அதைத் திரும்பப் பெற்றது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதை நிறுத்தக் கூடாது.

தங்கவயலில் எல்லாக் குழந்தைகளும் இரண்டு மூன்று மொழிகளைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். அதனால் ஆட்டிசம் வருவதில்லை. வீட்டு மொழியில் குழந்தையோடு நிறையப் பேசலாம்.

உலகத்தில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது 2021ஆம் ஆண்டுக் கணக்கு. அப்படியானால் உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கக் கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1995ல் நமது நாட்டில் ஊனமுற்றோருக்காக ஒரு சட்டம் வந்தது. அதில் ஏழு வகைக் குறைகள் மட்டும் இருந்தன. பார்வை, காது, கை கால் போன்றவை அதில் இருந்தன. ஆட்டிசம் இல்லை. சட்டத்தில் பேர் இல்லாததால் உதவியும் இல்லை.

1999ல் நேஷனல் டிரஸ்ட் சட்டம் வந்தது. அதில் ஆட்டிசம் சேர்ந்தது. ஆனால் ஒருவருக்கு ஆட்டிசம் எவ்வளவு என்று அளந்து சான்றிதழ் தருவது எப்படி? அந்த முறையை மத்திய அரசு 2016 ஏப்ரலில்தான் வெளியிட்டது. அதே வருடம் டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 2017 ஏப்ரல் 19 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. ஆட்டிசம் அதில் ஒன்று.

இந்தச் சட்டத்தில் 40 என்பது முக்கியமான எண். 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறை உள்ளவர்களுக்கே பெரும்பாலான உதவிகள் கிடைக்கும்.

அந்த 40ஐ எழுதித் தருவது யார்? அரசு மருத்துவக் குழு. எழுதித் தருவது எங்கே? சான்றிதழில். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பென்ஷன் இல்லை. சலுகையும் இல்லை.

எங்கே போவது?

ஒரு காலத்தில் தங்கவயலில் மைன்ஸ் ஆஸ்பத்திரிதான் எல்லாம். பிரசவமும் அங்கேதான், எலும்பு முறிவும் அங்கேதான். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்டது. இப்போது இது போன்ற சோதனைக்கு வெளியூர் போக வேண்டி இருக்கிறது.

அதற்கு முன்னால் தெருவிலேயே செய்யக் கூடிய வேலை இருக்கிறது. அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லுங்கள். அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை அரசு டாக்டர் குழு வரும். பிறவிக் குறையும் வளர்ச்சிக் குறையும் உள்ள குழந்தைகளைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. இந்தத் திட்டம் 2013ல் தொடங்கியது. அவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுவது எளிது.

நகராட்சியில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ மறுவாழ்வுப் பணியாளர் ஒருவர் உண்டு. கிராமப் பஞ்சாயத்திலும் உண்டு. எந்தப் படிவம், எந்த நாள், எந்த அறை என்று அவரிடம் கேட்கலாம்.

பிறகு கோலார். அங்கே மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. ஸ்ரீ நரசிம்மராஜா மருத்துவமனை என்பது அதன் பேர். எஸ்.என்.ஆர். ஆஸ்பத்திரி என்றால் எல்லோருக்கும் தெரியும். தங்கவயலில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர். 2023 ஜூன் முதல் கர்நாடக அரசின் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. மூளை, மனநலச் சிகிச்சைக்கு அது பேர் பெற்ற மத்திய அரசு மருத்துவமனை. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. கோலாரில் டாக்டர் சீட்டு எழுதி அனுப்பினால் அங்கே போக வேண்டி வரும். மாரிக்குப்பம் ரயிலில் போகலாம்.

முதலில் காதைச் சோதிப்பார்கள். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்காமலும் இருக்கலாம் அல்லவா? காது நன்றாகக் கேட்கிறது என்று தெரிந்த பிறகே அடுத்த சோதனை.

நாற்பது கேள்விகள்

காய்ச்சல் அடித்தால் தெர்மாமீட்டர் வைக்கிறோம். ஆட்டிசத்துக்கு அப்படி ஒரு கருவி இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் தெரியாது. ஸ்கேன் எடுத்தாலும் தெரியாது. குழந்தையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். வளர்ப்பவரிடம் கேட்க வேண்டும்.

அதற்காக நமது நாட்டில் ஒரு அளவுகோல் செய்திருக்கிறார்கள். அதில் 40 கேள்விகள் இருக்கின்றன. மற்றவர்களோடு பழகுவது, மனசில் உள்ளதைக் காட்டுவது, பேச்சு, நடத்தை, புலன்கள், அறிவு என்று ஆறு பகுதிகள்.

முகம் பார்க்கிறானா? மற்றக் குழந்தைகளோடு விளையாடுகிறானா? காரணம் இல்லாமல் சிரிக்கிறானா? சொன்னதையே திருப்பிச் சொல்கிறானா? தன்னையே அடித்துக் கொள்கிறானா? சத்தம் கேட்டால் மிரள்கிறானா? இப்படிக் கேட்பார்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அது எப்படி? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பையனைப் பேர் சொல்லி 10 முறை கூப்பிடுகிறோம். எத்தனை முறை அவன் திரும்பவில்லை?

2 முறை வரை என்றால் மதிப்பெண் 1.
3 அல்லது 4 முறை என்றால் 2.
5 அல்லது 6 முறை என்றால் 3.
7 அல்லது 8 முறை என்றால் 4.
9 அல்லது 10 முறை என்றால் 5.

எல்லாக் கேள்விக்கும் 1 வாங்கினால் மொத்தம் 40. எல்லாவற்றுக்கும் 5 வாங்கினால் 200. மொத்தம் 70க்குக் குறைவாக வந்தால் ஆட்டிசம் இல்லை என்று எழுதுவார்கள். 70 வந்தால் 40 சதவிகிதம். மதிப்பெண் ஏற ஏற சதவிகிதமும் ஏறும்.

இப்போது ஒன்று புரிகிறது அல்லவா? ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கொஞ்ச நேரம்தான் பார்ப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு அவன் என்ன செய்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவள் தாய். தாய் சொல்வதும் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது.

தாய் என்ன சொன்னாள்?

மாரிக்குப்பம் வீட்டில் ஒரு சண்டை நடந்தது.

"பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் பேச வேணாமா? சர்ட்டிபிகேட் வாங்கினா ஊருக்கே தெரிஞ்சு போகும்" என்றார் அப்பா.

"ஏற்கெனவே ஊருக்குத் தெரியுங்க. நமக்குத்தான் தெரியாத மாதிரி இருக்கோம்" என்றாள் அம்மா.

அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூடவே வந்தார்.

மன உளவியல் நிபுணர் ஒரு பெண். அவர் தமிழில் பேசினார். பையனுக்குப் பொம்மைகளைக் கொடுத்தார். பையன் பொம்மைக் காரைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றினான். அவர் கேட்க ஆரம்பித்தார்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறானாம்மா?"

"திரும்புவான் மேடம்."

"தலையை மோதிக்கறானா?"

"எப்பவாவது."

"மத்தக் குழந்தைகளோட விளையாடறானா?"

"அக்காவோட விளையாடுவான்."

எல்லாமே பாதி உண்மை. பத்தில் ஒரு முறை திரும்புவான். தினமும் மோதிக் கொள்வான். அக்கா விளையாடுவாள், இவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். தாய் பொய் சொல்ல நினைக்கவில்லை. பெற்ற பிள்ளையின் குறையை அன்னியர் முன்னால் சொல்ல நாக்கு வரவில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, நீங்க நல்ல நாளைச் சொல்றீங்க. எனக்கு எல்லா நாளும் வேணும். எழுதத் தெரியுமா?"

"இப்பத்தான் கத்துக்கிட்டேன்."

"அது போதும். ஒரு நோட்டு வாங்குங்க. பார்த்ததை எழுதுங்க. மூணு வாரம் கழிச்சு வாங்க."

நோட்டில் எழுதியது

அம்மா பத்து ரூபாய் நோட்டு ஒன்று வாங்கினாள். எழுத்து கோணலாக வந்தது. பரவாயில்லை. அவள் எழுதியது இப்படி இருந்தது.

திங்கள். 10 முறை கூப்பிட்டேன். 1 முறை திரும்பினான்.

செவ்வாய். தலையை மோதினான். 4 முறை. மூடியை எடுத்ததால்.

புதன். ராத்திரி 2 மணிக்கு எழுந்தான். 4 மணி வரை சிரித்தான். ஏன் என்று தெரியவில்லை.

வியாழன். புதுச் சட்டை போட்டேன். கழற்றி எறிந்தான். பழைய சட்டைதான் வேண்டும்.

வெள்ளி. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வந்தார்கள். அவன் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

சனி. ரயில் சத்தம். காதைப் பொத்தினான். தண்ணீர் கேட்கவில்லை. என் கையை இழுத்தான்.

பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் என்ன நடந்தது, எத்தனை முறை நடந்தது, எப்போது நடந்தது என்று மூன்றும் இருக்கிறது. மூன்று வாரம் கழித்து நிபுணர் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கேள்விக்குக் கேள்வி பதில் கிடைத்தது.

நீங்களும் இப்படி எழுதலாம். கூட்டி எழுத வேண்டாம். குறைத்தும் எழுத வேண்டாம். கூட்டிச் சொன்னால் பொய்ச் சான்றிதழ் ஆகும். குறைத்துச் சொன்னால் குழந்தையின் உரிமை போகும். தெரிந்த மொழியில் எழுதுங்கள். கன்னடமோ ஆங்கிலமோ தெரியாது என்று தயங்க வேண்டாம். தமிழில் எழுதிப் படித்துக் காட்டலாம்.

குழந்தை செய்வதை செல்போனில் படம் பிடித்தும் காட்டலாம். அங்கன்வாடி டீச்சர் பார்த்ததையும் கேட்டு எழுதிக் கொள்ளலாம்.

சான்றிதழும் அட்டையும்

சான்றிதழுக்கு விண்ணப்பம் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும். 2021 ஜூன் முதல் நாடு முழுவதும் இதே முறை. செல்போனில் பழகியவர்கள் தாங்களே போடலாம். மற்றவர்கள் சேவை மையத்தில் போடலாம்.

கையில் என்ன இருக்க வேண்டும்?

குழந்தையின் ஆதார் அட்டை.
குழந்தையின் போட்டோ.
விலாசத்துக்குச் சான்று.
டாக்டர் எழுதிய சீட்டுகளும் சோதனை முடிவுகளும்.
செல்போன். அதில் வரும் எண்ணைக் கேட்பார்கள்.

பேரும் பிறந்த தேதியும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். ஆதாரில் ஒரு எழுத்து மாறி இருந்தாலும் பின்னால் அலைய வேண்டி வரும்.

விண்ணப்பம் போட்டதும் ஒரு பதிவு எண் தருவார்கள். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறகு ஆஸ்பத்திரியில் நாள் குறிப்பார்கள். மனநல மருத்துவர், குழந்தை மருத்துவர், மன உளவியல் நிபுணர் ஆகியோர் உள்ள குழு பார்த்து முடிவு செய்யும். 2024ல் திருத்திய விதிப்படி, மூன்று மாதத்துக்குள் சான்றிதழ் தர வேண்டும்.

சான்றிதழோடு ஒரு அடையாள அட்டையும் வரும். யு.டி.ஐ.டி. அட்டை என்பார்கள். இந்தியா முழுவதும் செல்லும். தங்கவயலில் வாங்கியவர் நாளைக்கு வேலைக்காகச் சென்னைக்குக் குடி போனாலும் அதே அட்டைதான்.

சிறு குழந்தைகளுக்கு முதலில் தற்காலிகச் சான்றிதழ் தருவார்கள். வளர வளர மாறுதல் வரும் அல்லவா? எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் எழுதி இருக்கும். அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். தேதி முடிந்தால் பென்ஷனும் நின்று போகலாம்.

என்ன கிடைக்கும்?

பென்ஷன். 40 சதவிகிதமோ அதற்கு மேலோ இருந்து, குடும்ப வருமானம் அரசு சொன்ன வரம்புக்குள் இருந்தால், மாதா மாதம் பணம் வரும். சதவிகிதம் கூடினால் தொகையும் கூடும். தொகையையும் வருமான வரம்பையும் அரசு அவ்வப்போது மாற்றும். நாடகச்சேரியில் கேட்டுத் தெரிந்து கொண்டு அங்கேயே விண்ணப்பம் கொடுங்கள். ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ், பேங்க் பாஸ் புத்தகம் வேண்டும். பேங்க் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு. நேஷனல் டிரஸ்ட் நடத்தும் இதற்கு நிராமயா என்று பேர். ஆட்டிசம் உள்ளவர்களும் சேரலாம். கட்டணம் சிறியது. வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. பேச்சுப் பயிற்சி போன்ற செலவும் இதில் அடங்கும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

படிப்பு. 6 வயது முதல் 18 வயது வரை இலவசப் படிப்பு உரிமை. பக்கத்துப் பள்ளியிலும் சேர்க்கலாம். சிறப்புப் பள்ளியிலும் சேர்க்கலாம். குறையைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது.

வேலை. வளர்ந்த பிறகு அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. அதில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் இடம் உண்டு.

இந்தப் பணம் பெரிய பணம் அல்ல. ஆனால் மாதம் இரண்டு முறை பயிற்சிக்குப் போய் வரும் செலவுக்கு உதவும். அப்பா கூலியை விட்டு வரும் நாளுக்கு ஈடு கொஞ்சம் ஆகும்.

ஏமாற வேண்டாம்

"நான் வாங்கித் தருகிறேன், பணம் கொடு" என்று தரகர் வருவார். கொடுக்க வேண்டாம். சான்றிதழுக்கு ஆஸ்பத்திரியில் லஞ்சமும் இல்லை, பங்கும் இல்லை. பொய் சொல்லிச் சலுகை வாங்கினால் இரண்டு வருடம் வரை ஜெயில் அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். சட்டமே சொல்கிறது.

"இந்த மருந்தில் ஆட்டிசம் அடியோடு போகும்" என்று சிலர் விற்பார்கள். அப்படி மருந்து எதுவும் இல்லை. பயிற்சியால் முன்னேற்றம் உண்டு. பேச்சுப் பயிற்சி, கை வேலைப் பயிற்சி, பழகும் பயிற்சி. சீக்கிரம் தொடங்கினால் நல்லது. சான்றிதழ் வரட்டும் என்று பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

சதவிகிதம் குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் என்ன செய்வது? சண்டை போட வேண்டாம். மேல் முறையீடு செய்ய 2016 சட்டத்தில் வழி இருக்கிறது. எங்கே கொடுக்க வேண்டும் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அங்கேயும் நோட்டு உதவும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 18 வயதுக்குப் பிறகு பெற்றவர்கள் தாமாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். துணை தேவைப்படும் பிள்ளைக்குப் பாதுகாவலரை நியமிக்க மாவட்டத்தில் ஒரு குழு இருக்கிறது. கலெக்டர்தான் அதன் தலைவர்.

மறுபடியும் மாரிக்குப்பம்

பையனுக்குச் சான்றிதழ் வந்தது. 60 சதவிகிதம் என்று எழுதி இருந்தது. பாட்டி கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கேட்டார்.

"இது மாறுமாம்மா?"

"தெரியல அத்தே. ஆனா இப்ப என்னன்னு தெரிஞ்சு போச்சு. இனிமே அவனை அடிக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

பேசவில்லை, கேட்கவில்லை என்று இதுவரை எத்தனை அடி விழுந்தது! பிடிவாதம் என்று நினைத்தார்கள். திமிர் என்று நினைத்தார்கள். இப்போது காரணம் தெரிந்தது.

பயிற்சியில் படம் காட்டிக் கேட்கச் சொல்லிக் கொடுத்தார்கள். சோற்றுக்கு ஒரு படம். தண்ணீருக்கு ஒரு படம். அக்காவே அட்டையில் வரைந்து கொடுத்தாள். பல நாள் பையன் அந்த அட்டையைச் சுற்றித்தான் விளையாடினான்.

அம்மா நோட்டு எழுதுவதை நிறுத்தவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு சனிக்கிழமை அவள் எழுதியது இது.

இன்று குடம் படத்தை எடுத்து வந்தான். என் கையில் கொடுத்தான். என் முகத்தைப் பார்த்தான். 1 முறை.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் தெருவில் பேசாத, பழகாத குழந்தை இருக்கிறதா? அந்தத் தாயிடம் ஊர் என்ன சொல்கிறது?

2. முதல் தடவை அம்மா ஏன் பாதி உண்மை சொன்னாள்? நீங்கள் அங்கே இருந்தால் என்ன சொல்லி இருப்பீர்கள்?

3. ஒரு குழந்தையை 10 முறை கூப்பிட்டார்கள். 3 முறைதான் திரும்பியது. அந்தக் கேள்விக்கு மதிப்பெண் எத்தனை?

4. உங்கள் வீட்டுக் குழந்தை நேற்று என்ன செய்தது? மூன்று வரி எழுதுங்கள்.